படியில் மாறிய பேச்சு

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். நீ போனை எடுத்தாலும் ‘ம்’, ‘சரி’ என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இடுப்பு வலி கூடிவிட்டது. பாய்லர் பக்கம் குனிய முடிவதில்லை. மாடி வீட்டிலிருந்து கீழே சலவைக்கூடத்துக்கு இறங்குவதே இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். மீதி நேரம் ஜன்னலில் உட்கார்ந்து, எந்த மெஷின் எந்தச் சத்தம் போடுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். சலவைக்கூடத்தை உன் அண்ணன் பேருக்கு எழுதிவைப்பதென்று முடிவாகிவிட்டது. மெஷின்கள், வண்டி இரண்டு, ஆஸ்பத்திரிகளோடும் ஹோட்டல்களோடும் உள்ள ஒப்பந்தம், எல்லாம். ஏப்ரல் இரண்டாம் தேதி பதிவு. பெண்ணுக்கு ஆட்சேபணை இல்லையென்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் தொல்லை இருக்காது என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னாராம். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் போட்டால் போதும்.

நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்குச் செய்ய வேண்டியதை வேறு விதமாகச் செய்வோம், அதற்கு நான் பொறுப்பு. உன் அண்ணனும் உன் பேச்சைத்தான் அடிக்கடி எடுக்கிறான். அப்பா உன்னை மிகவும் விசாரித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். சுடுநீர் மெஷினைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள். நீயே பத்துப் பேருக்குச் சொல்லித்தருகிறவள், இருந்தாலும் சொல்கிறேன்.

அம்மா

மார்ச் 9

அம்மாவுக்கு,

கடிதமும் தாளும் வந்தன. கையெழுத்துப் போடுவதில் எனக்குச் சிரமமில்லை. பேனா பக்கத்திலேயே இருக்கிறது. போடும் முன்னால் ஒரு விஷயம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், நம் கூடத்தில் மடிப்பு மேஜைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஒரு விரிப்பின் இரண்டு மூலையை நீயும் இரண்டு மூலையை நானும் பிடித்திருந்தோம். அப்போது உன்னிடம் சொன்னேன். அண்ணனோடு சேர்த்து என்னையும் தொழிலில் போடச் சொல்லு, துவைப்பதும் கூடமும் என் பொறுப்பு, வண்டியும் வாடிக்கையும் அவன் பொறுப்பு, அப்பாவிடம் கேட்டு வா என்றேன். நம் வீட்டில் யார்தான் யாரிடம் நேராகக் கேட்டிருக்கிறார்கள்? நீ மேலே போனாய். நான் அதே விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ இறங்கி வந்து, “அண்ணன் இருக்கான்ல, உனக்கு எதுக்கு இந்த வெந்நீரும் புழுக்கமும்? நீ உன் வாழ்க்கையைப் பாருடான்னு அப்பா சொல்றார்” என்றாய்.

அதற்கடுத்த மாதம்தான் இந்த ஹோட்டல் சலவை வேலைக்கு வந்தேன். இங்கே என் கீழே பதினான்கு பேர். வெந்நீரும் இருக்கிறது, புழுக்கமும் இருக்கிறது. வேறு ஆள் வீட்டுப் புழுக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது. அவர் ‘டா’ போட்டுப் பேசிக் கேட்டதே இல்லை. அது இத்தனை நாள் கழித்து இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எழுதினால் மறு தபாலில் கையெழுத்து வரும்.

மகள்

மார்ச் 13

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கீழே ஏதாவது நடக்கிறது. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

காலை எட்டு மணிக்கு ஒரு லாரி வந்து இருபத்தெட்டு நீல டிரம் சோப்புத் திரவத்தை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனது. அப்பா நம் பழைய ஆளிடம் சொன்னது. ஒன்பது மணிக்கு இன்னொரு லாரி வந்து முப்பது வெள்ளை டிரம்மை இறக்கியது. அது உன் அண்ணன் புது இடத்தில் சொன்னது. முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. நம் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி மூட்டைகளை ஆட்கள் தலையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தார்கள். “இனிமே நாலு வருஷத்துக்கு நம்ம ஊர்ல அழுக்கே கிடையாது” என்றாள் இஸ்திரி உருளையில் நிற்கிற அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்.

அப்பா அன்றைக்கு இரண்டாவது தடவையாக இறங்கி வந்தார். முடிவெல்லாம் நானே எடுக்கலாம் என்று அப்பா சொன்னதாக அம்மாதான் சொன்னாள் என்றான் உன் அண்ணன். என்னைக் கேட்காமல் எதுவும் வாங்க மாட்டான் என்று நீதானே சொன்னாய் என்று அப்பா கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொள்வதில்லை. அதாவது, முன்பும் பேசிக்கொண்டதில்லை. இப்போதுதான் அது வெளியே தெரிகிறது. இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறார்கள். பதினாறு படி. முட்டி வலிக்கிறது.

நீ கேட்டதை மறக்கவில்லை. இன்னொரு நாள் நிதானமாக எழுதுகிறேன். தேதி நெருங்குகிறதே என்றுதான் பார்க்கிறேன். தாளை அனுப்பி வைத்தால் ஒரு பாரம் குறையும்.

அம்மா

மார்ச் 17

அம்மாவுக்கு,

டிரம் கதையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் துண்டு எண்ணிக்கொண்டிருந்த பெண் எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் யோசித்தேன். ‘முடிவெல்லாம் நீயே எடு’ என்று அப்பா சொல்லியிருப்பாரா? நம் அப்பாவா? ‘உங்களைக் கேட்காமல் வாங்க மாட்டேன்’ என்று அண்ணன் சொல்லியிருப்பானா? இரண்டு பேருமே சொல்லாத இரண்டு வாக்கியம், அம்மா. அவற்றை நம்பித்தான் ஐம்பத்தெட்டு டிரம் முற்றத்தில் நிற்கிறது.

நீ யார் பேச்சையும் காரமாக எடுத்துப்போக மாட்டாய் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அதில் நானும் குளிர் காய்ந்திருக்கிறேன். என் பரீட்சை மார்க்கை நீ அப்பாவிடம் சொன்ன விதத்தில் நான் அடி வாங்காமல் தப்பித்த நாட்கள் உண்டு. ஆனால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு நீ கொண்டுவந்த வாக்கியமும் அந்த மாதிரிதானா?

இதற்குப் பதில் வராமல் தாள் வராது.

மகள்

மார்ச் 21

மகளுக்கு,

மூன்று நாள் வேண்டிக்கொண்டு இன்றைக்கு எழுதுகிறேன். பேசினால் என் நாக்கு தானாக வளைந்துவிடும். பேனாவில் அடித்தால் அடித்தது தெரியும். அதனால்தான் தாள்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டுச் செலவு நோட்டு இல்லை, அது வேறு. இந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பேன். இடது பக்கம் நான் கேட்ட வார்த்தை, வலது பக்கம் நான் போய்ச் சொன்ன வார்த்தை. மாற்றிச் சொல்வது பொய்தான் என்று தெரியும். ஒரு நாள் கடவுள் முன்னால் நிற்கும்போது, எதை எதற்காக மாற்றினேன் என்று காட்டக் கணக்கு வேண்டும் அல்லவா? அஞ்சாம் வகுப்போடு நின்று, பொட்டலம் கட்டி வந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவள் நான். கற்ற எழுத்தை இதற்குத்தான் அதிகம் செலவழித்திருக்கிறேன்.

போன மாதத்துப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இடது பக்கம், அப்பா சொன்னது: “இவன்கிட்ட கொடுத்தா ஆறு மாசத்துல பூட்டுதான் தொங்கும்.” வலது பக்கம், நான் உன் அண்ணனிடம் சொன்னது: “உன் இஷ்டப்படி செய், கொஞ்சம் பார்த்துச் செய்னு அப்பா சொல்றார்.” அதற்கு அவன் சொன்னது: “அவர் கீழே இறங்காம இருந்தாலே பாதி வேலை நடக்கும்.” நான் அப்பாவிடம் சொன்னது: “உங்க இடுப்பை நினைச்சுக் கவலைப்படறான். எதுன்னாலும் உங்களைக் கேட்டுத்தான் செய்வானாம்.”

நீ கேட்ட நாளின் பக்கத்தையும் எடுத்தேன். இடது பக்கத்தில் நீ சொன்னது நாலு வரி இருக்கிறது. வலது பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அன்றைக்கு மேலே போனேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, சாப்பிட வருகிறீர்களா என்றேன். இறங்கும்போது படியில் நின்று உனக்கு ஒரு பதில் தயார் செய்தேன். அப்பா ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். நீ வேலைக்குக் கிளம்பின அன்றைக்கு அப்பா சொன்னது: “பாப்பா இருந்தா கூடத்தைப் பத்தி நான் கவலையே பட வேண்டாம். அவளுக்கு வெளியூர் வேலைதான் பெரிசாப் போச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?” நான் உன்னிடம் வந்து சொன்னது: “அப்பா சந்தோஷமா அனுப்பறார்.”

ஏன் என்று கேட்பாய். உன் சித்தப்பாவை உனக்கு முகம்கூட நினைவிருக்காது. இதே முற்றத்தில், இதே தொழிலுக்காக, அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொண்டார்கள். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் பேச்சில்லை. சித்தப்பா இறந்துபோனது மூன்றாம் நாள்தான் நமக்குத் தெரிந்தது. அப்பா அன்றைக்கு ஒரு மெஷினை நிறுத்தாமல் வெறுமனே ஓடவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் வீட்டில் இனி ஒருவர் வாயிலிருந்து வரும் கடுஞ்சொல் இன்னொருவர் காதில் விழாது, அதற்கு நான் காவல் என்று அன்று வேண்டிக்கொண்டேன். உங்கள் இரண்டு பேரையும் அந்த முற்றத்தில் அப்படி நிற்கவைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். நீயாகச் சொல்ல வேண்டியது அது.

அம்மா

மார்ச் 25

அம்மா,

மூன்று வருடம். அப்பா போனில் வந்தால் நான் வைத்துவிடுவேன். அவருக்கு உடம்பு சரியில்லாதபோதும் வரவில்லை. எனக்கு இடமில்லை என்று சொன்னவர் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று இருந்தேன். அவர் அங்கே, மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இருந்திருக்கிறார். சண்டை வராமல் பார்த்துக்கொண்டாய், சரி. சண்டை வந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. ஒரே ஒரு வாக்கியத்தை அப்பாவிடமும் அண்ணனிடமும் ஓர் எழுத்து மாற்றாமல் சொல்: “கூடம் எனக்கு வேணும். அன்னைக்கே கேட்டேன்.” பக்கத்தில் ‘பாவம்’ என்றோ ‘குழந்தை ஆசைப்படறா’ என்றோ சேர்க்காதே. சொல்ல முடியாவிட்டால் அதையும் எழுது. இரண்டாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

மகள்

மார்ச் 31

மகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்ற பிறகு இரண்டு பேரையும் மடிப்பு மேஜைக்கு வரச் சொன்னேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். முதலில் உன் வாக்கியத்தைச் சொன்னேன். எதுவும் சேர்க்கவில்லை. பிறகு நோட்டைத் திறந்து இடது பக்கத்தை மட்டும் படித்தேன். நாலு மாதத்து இடது பக்கம். ஒரு வரியையும் தாண்டவில்லை.

உன் அண்ணன் முதலில் சிரித்தான். பூட்டு தொங்கும் என்ற இடம் வந்ததும் எழுந்து போய் மெஷின் கதவில் சாய்ந்துகொண்டான். பிறகு அங்கிருந்தே சொன்னான்: “எனக்கு முழுசா வேணும்னு யார் சொன்னா? வண்டியும் வாடிக்கையும் போதும். பாய்லர் ஊதினாலே நான் வாசலுக்கு ஓடறேன். பாப்பாவுக்கு வேண்டாம்னு அம்மா சொன்னதாலதான் நான் தலையைக் கொடுத்தேன்.” அவனிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பழைய நோட்டில் இருக்கிறது.

அப்பா நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இந்த மாதிரி எத்தனை நோட்டு இருக்கிறது என்று கேட்டார். நாலு என்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்குச் சண்டை போடத் தெரியும். சமாதானம் ஆகவும் தெரிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் நீ இடம் கொடுக்கலை.” மேலே போய்விட்டார். முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் அவர் இப்படிப் பேசியதில்லை. வலித்தது. அவர் கோபத்தில் சொன்னார், மனதில் இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. மனதில் இருந்துதான் சொன்னார்.

திங்கட்கிழமை பத்திரம் எழுதுகிறவருக்கு அவரே போன் செய்து பதிவை நிறுத்தச் சொன்னார். இன்றைக்கு மத்தியானம் ஒரு சட்டை, ஒரு வேட்டி, வலி மாத்திரை, மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உன்னிடம் வருகிறார். கூட வரட்டுமா என்று உன் அண்ணன் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். இந்தக் கடிதம் முந்துமா அவர் முந்துவாரா தெரியாது.

அங்கே வந்து என்ன பேசுவார் என்று நான் கேட்கவில்லை. நான் ஒன்றும் சொல்லியும் அனுப்பவில்லை. வழியில் சாப்பிட மட்டும் கட்டிக்கொடுத்தேன்.

அம்மா

ஏப்ரல் 6

அம்மாவுக்கு,

அப்பாதான் முந்தினார். ஹோட்டல் பின்வாசலில் காவலாளியிடம், “மேனேஜரம்மாவோட அப்பா வந்திருக்கேன்னு சொல்லு” என்று அதட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் மேனேஜர் இல்லை என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தான்.

முதல் ஒரு மணி நேரம் எங்கள் மெஷின்களைத்தான் பார்த்தார். ஒன்றின் மேல் கையை வைத்து, பேரிங் போகப்போகிறது என்றார். நான் போன வாரமே எழுதிக்கொடுத்துவிட்டேன் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு துணிக்கிடங்கில் உட்கார்ந்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் பழக வேண்டும். “உனக்குத் திமிர். அம்மா சொன்னா நம்பிடுவியா? பதினாறு படி ஏறி வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேக்க உனக்கு என்ன கேடு?” நீங்கள் இறங்கி வந்து ஏன் போகிறாய் என்று கேட்டிருக்கலாமே என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் கத்தினார். வெளியே துண்டு எண்ணும் பெண் மறுபடியும் எண்ணிக்கையை விட்டாள்.

பிறகு அப்பா ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார். சித்தப்பாவிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை என்ன என்று எனக்குச் சொன்னார். அதை எழுதமாட்டேன். நீ கேட்க வேண்டுமானால் அவரிடமே கேள்.

முடிவு ஏறக்குறைய நான் அன்று கேட்டபடியேதான். கூடம் எனக்கு, வண்டியும் வாடிக்கையும் அண்ணனுக்கு, பத்திரத்தில் இரண்டு பேரும் சமம். பெரிய சாமான் எதுவானாலும் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் வாங்கக் கூடாது. டிரம்மை நினைத்து அதை அப்பாதான் சொன்னார். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: முதல் ஆறு மாதம் அவர் கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். ஊருக்கே கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, மூன்று மாதம் என்றார். நான் ஆறு என்றேன். பேருந்து கிளம்பும்வரை அது முடியவில்லை.

இங்கே ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அது போகும்போது சொல்கிறேன். நானே சொல்கிறேன்.

மகள்

ஏப்ரல் 12

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கோபம் இருப்பதை எழுதியது நல்லதாயிற்று. முன்பென்றால் அந்த வரியை நான் படிக்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அப்பா திரும்பி வந்ததிலிருந்து இங்கே அமைதி இல்லை. ஆஸ்பத்திரித் துணிக்குத் தனி வாசல் வைக்க வேண்டும் என்று நீ சொன்னாயாமே. அப்பாவுக்கு அது சரி. உன் அண்ணனுக்கு ஆகவில்லை. வண்டி திரும்பும் இடம் போய்விடும் என்கிறான். முந்தாநாள் முற்றத்தில் நின்று இரண்டு பேரும் பேசினார்கள். அதே முற்றம். நான் மேலே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் இரண்டு தடவை படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வாயில் வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன வேண்டினேன் என்று இப்போது நினைவில்லை. அவன் முடியாது என்றான். அப்பா அவனை முட்டாள் என்றார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

எனக்குப் பதினொரு வருஷம்தான் கண்ணில் நின்றது.

நேற்றுக் காலை வந்தான். கையில் ஒரு தாள். முற்றத்தை அளந்து, வாசல் எங்கே வந்தால் வண்டி திரும்பும் என்று கோடு போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். சமையலறை வாசலில் நின்று அதை என்னிடம் நீட்டினான். “அப்பாகிட்ட கொடுத்துடும்மா. நீயே பக்குவமாச் சொல்லிடு” என்றான்.

கை நனைந்திருந்தது. துடைத்தேன். வாங்கவில்லை.

“அப்பா உள்ளேதான்டா உக்காந்திருக்கார்” என்றேன்.

நீட்டிய தாளை மடக்கிக்கொண்டான். பிறகு உள்ளே போனான். என்ன சொல்லி ஆரம்பித்தான் என்று கேட்கவில்லை, குழாயைத் திறந்துவிட்டேன். மூடியபோது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா